வாங்குகிறவனின் பாரம்

இலக்கியம் பேசுகிற இடத்தில் கொள்முதலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலையையும் புலி முத்திரையிட்ட பொதிகளையும் பாடிய பட்டினப்பாலை நம்முடையது. கொண்டதிலும் கொடுத்ததிலும் நேர்மை காத்த வணிகரைப் புகழ்வதற்கு அப்புலவர் தயங்கவில்லை. நவீன இலக்கியத்திலும் ஆசிரியருக்கும் நெசவாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் கதைகள் உண்டு. ஆனால் சரக்குப் போக்குவரத்து நிறுவனமொன்றின் மூலையில் அமர்ந்து, ஸ்கேனருக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் மென்பொருள் உரிமத்துக்கும் விலைப்புள்ளி கேட்டு எழுதும் இளநிலைக் கொள்முதல் ஊழியனை எங்கும் காணோம். அவன் செய்வது வெறும் காகித வேலை என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

இதைப் பேச நாம் மேல்சித்தாமூருக்குப் போக வேண்டியிருக்கிறது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள இவ்வூரில்தான் தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலின் கோபுரமும், பாறையில் தீர்த்தங்கரரைச் செதுக்கிய மலைநாதர் கோயிலும் அறியப்பட்டவை. மடத்தைச் சார்ந்த நயினார் குடும்பங்கள் பெரும்பாலும் உழவர்கள். ஏரும் மாடும் வண்டியும் களஞ்சியமும் கொண்ட இல்லறத்தாருக்கு எது அறம், எது வழு என்று சொல்லவேண்டிய தேவை இந்தச் சமயத்துக்கு இருந்தது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் அதற்கென எழுந்த வடமொழி நூல். அதன் வழியில் தமிழில் அமைந்தது அருங்கலச்செப்பு.

இல்லறத்தாருக்கு இம்மரபு விதித்த அணுவிரதங்கள் ஐந்து: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொருள் வரைதல். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வழுக்கள் உண்டு. நமக்கு வியப்பளிப்பது இந்த வழுக்களின் பட்டியல்தான். கள்ளாமைக்குரியவற்றைப் பாருங்கள்: திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறிய வாணிகம், நல்லதுபோலத் தோன்றும் மட்டப் பொருளைக் கலத்தல், அளவிலும் நிறையிலும் ஏமாற்றுதல். இன்றைய கொள்முதல் துறைகளின் நன்னடத்தை விதிகள் இதைத் தாண்டி அதிகம் போய்விடவில்லை. போலி மின்கலமும், உரிமமின்றி நகலெடுத்த மென்பொருளும், இரசீதில்லாத வாணிகமும் இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

ஆனால் நாம் நின்று கவனிக்க வேண்டியது வேறோர் இடம். தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதை இம்மரபு பேராசையின் கீழ் மட்டும் வைக்கவில்லை. கொல்லாமை விரதத்தின் வழுக்களிலும் சேர்த்திருக்கிறது. மாட்டின் முதுகில் கூடுதல் மூட்டை வைத்தவன் கத்தியைத் தொடவில்லை. ஆயினும் அவன் செய்தது இம்சை. பொருள் வரைதலின் வழுக்களிலும், ஊர்தியை அளவுக்கு மீறி ஓட்டுதலும் மிகைபாரம் ஏற்றுதலும் இடம்பெறுகின்றன. சரக்கு ஏற்றி இறக்குகிற தொழிலுக்கு இதைவிட நேராகப் பேசிய அறநூல் வேறொன்றை நாம் அறியோம்.

நிற்க. மாட்டு வண்டிக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள ஒரு கிடங்கை எண்ணிப் பாருங்கள். அங்கே தொழிலாளியின் கையில் இருக்கும் ஸ்கேனர் பார்கோடைப் படிப்பதோடு நிற்பதில்லை. அவர் அடுத்து எந்த அடுக்குக்குப் போகவேண்டும் என்று அதுவே சொல்கிறது. மணிக்கு எத்தனை பொருள் எடுத்தார் என்று அதுவே எண்ணுகிறது. எத்தனை நிமிடம் சும்மா நின்றார் என்பதையும் மேலாளருக்குக் காட்ட வல்லது. பாரத்தின் அளவை முன்பு வண்டிக்காரன் தீர்மானித்தான். இன்று அக்கருவியின் அமைப்பு தீர்மானிக்கிறது. அந்த அமைப்பு தேவைக்குறிப்பில் ஒரு வரியாக எழுதப்பட்டுத்தான் வாங்கப்படுகிறது. அந்த வரியைத் தட்டச்சு செய்பவன் நம் இளநிலை ஊழியன்.

இது கற்பனை அச்சமன்று. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல்., அமேசான் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிடங்குப் பிரிவுக்கு 2023 டிசம்பரில் 3.2 கோடி யூரோ அபராதம் விதித்தது. தொழிலாளரின் ஸ்கேனர்வழி திரட்டப்பட்ட கணக்குகளே வழக்கின் மையம். ஒரு பொருளை ஸ்கேன் செய்து 1.25 வினாடிக்குள் அடுத்ததை ஸ்கேன் செய்தால் அது பிழை என்று ஒரு கணக்கு; பத்து நிமிடத்துக்கு மேல் கருவி ஓய்ந்திருந்தால் அதற்கொரு கணக்கு. விரைந்தாலும் குற்றம், நின்றாலும் குற்றம். நிறுவனம் அந்த முடிவை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டமொன்று, கிடங்குத் தொழிலாளரின் வேலை அளவை அவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொன்னது. உணவு இடைவேளையையும் கழிப்பறைக்குப் போவதையும் தடுக்கும் அளவுகள் கூடாதென்றது. உணவைத் தடுப்பதும் கொல்லாமையின் வழுக்களில் ஒன்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. முடிவுகள் மேலே எடுக்கப்படுகின்றன. மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, குறைந்த விலையின் மேல் குறியிட்டு அனுப்புவதுதான் இளையவன் வேலை. அவன்மேல் அறத்தைச் சுமத்துவது அநியாயம் என்பார்கள். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பட்டம் பெற்றுச் சென்னைக்கு வந்து, குடும்பத்தின் முதல் மாதச் சம்பளத்தைக் கையில் வாங்குகிற பிள்ளையிடம் வீரம் எதிர்பார்க்க நமக்கும் மனமில்லை. ஆனால் அந்த அட்டவணையில் என்னென்ன கட்டங்கள் இருக்கவேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவன்தான் எழுதுகிறான். கருவியின் எடை எவ்வளவு, மின்கலம் ஒரு ஷிப்ட் முழுவதும் தாங்குமா, உச்சி வெயிலில் திரை தெரியுமா, திரையில் தமிழும் இந்தியும் வருமா, ஓய்வு நேரத்தை எண்ணும் வசதியை அணைத்து வைக்க முடியுமா என்பவை கேட்டால்தான் அட்டவணையில் ஏறும். கேட்காவிட்டால் விலை மட்டுமே மிஞ்சும். மேலே இருப்பவர் விலையைத் தேர்ந்தெடுப்பது, அவர் முன் வேறொன்றும் வைக்கப்படாததாலும்தான்.

விற்பவன் பக்கமும் பாரம் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் நிறுத்தி வைக்கக்கூடாதென்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கும்வரை செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற முடியாதபடி செய்தது. கேபிள் இழுத்துக் கொடுத்த, கருவி பழுதுபார்த்த சிறு தொழில்காரரின் பில் எந்த மேசையில் உறங்குகிறது என்பதும் இந்த இளைஞனுக்குத்தான் தெரியும். அதை எழுப்பி அனுப்புவதற்கு வீரம் தேவையில்லை, கவனம் போதும்.

நிறுவனங்களுக்கு நாம் சொல்வது சிறிய யோசனைதான். ஒப்பீட்டு அட்டவணையில் விலை, தரம், தவணை என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் பாரம் என்று ஒரு கட்டம் வையுங்கள். கருவியைக் கையில் பிடிக்கப்போகிற இரண்டு பேரிடம் ஒரு வாரம் கொடுத்து, அவர்கள் சொன்னதை அக்கட்டத்தில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகும் குறைந்த விலையையே தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. ஆனால் தெரியாது என்ற சமாதானம் அப்போது கிடைக்காது. பாரத்தைத் தலைமையின் கண்ணுக்குக் காட்டுவதே அந்த இளநிலை ஊழியன் செய்யக்கூடிய பெரிய காரியம் என்பது நம் எண்ணம். அதைச் செய்ய விடுங்கள்.