சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கும் உரிமை

மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த ஆய்வு உதவித்தொகை ஒருநாள் மொத்தமாக வந்து சேர்ந்தது. கடனை அடைத்ததுபோக மிஞ்சியதில் அம்மா, சித்தி, தம்பி மூவரையும் மாமல்லபுரம் பக்கம் அழைத்துப் போனேன். மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம், எங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒரு தனியார் படகு. கரையை ஒட்டியே ஓட்டிப்போய், பொழுது சாய்வதைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அம்மா சிரிக்கிற படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

அரைமணி நேரத்தில் தோழர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. “நூறு நாள் வேலைக் கூலி பாக்கிக்காக ஊரே அலைகிறது. இந்த நேரத்தில் இந்த ஆடம்பரம் தேவையா தோழர்?”

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. எல்லாப் போராட்டத்துக்கும் முதல் ஆளாக வருகிறவர். ஊர்த்தெருவில் பிறந்து, சாதியை உண்மையாகவே வெறுப்பவர். போன கோடையில் அவர் கோவாவில் எடுத்த படங்களைப் போட்டிருந்தார். அன்று அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. அவர் போனால் அது பயணம். என் அம்மா போனால் அது ஆடம்பரம். இந்த வேறுபாடு அவருக்கே தெரியாமல் அவருக்குள் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

சொல்லப்போனால், அவருக்கு முன்பே அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். கட்டணத்தைச் சொன்னதும், “சும்மா ஒக்காந்துகினு தண்ணியப் பாக்கறதுக்கா இம்மாங் காசு?” என்றார். இரண்டும் ஒரே கேள்விபோலத் தெரியும். ஆனால் ஒன்றல்ல. தோழரின் கேள்வி எங்கள் தகுதியைப் பற்றியது. அம்மாவின் கேள்வி தண்ணீரைப் பற்றியது. அறுபது வயதை நெருங்கும் அவருக்குத் தண்ணீர் என்றாலே வேலை. சும்மா உட்கார்ந்து அதைப் பார்க்கலாம் என்பது அவருக்குப் புதிய செய்தி.

எங்களுக்கு உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். நூறு நாள் வேலைக்கு எங்கள் பக்கத்தில் ‘ஏரி வேலை’ என்றே பெயர். அம்மா ஏரியில் வண்டல் வெட்டியிருக்கிறார், கரைக்கு மண் சுமந்திருக்கிறார், வரத்துக் கால்வாயில் முள் அறுத்திருக்கிறார். ஏரிக்குள் அவர் கால் படாத இடம் குறைவு. ஆனால் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் அவர் இருந்ததில்லை. அந்த நேரத்தில் அவருக்கு நடவு இருக்கும்.

இது என் அம்மாவின் தனிக்கதை அல்ல. உத்திரமேரூர் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்து ஏரி. அதைப் பராமரிக்க ‘ஏரி வாரியம்’ என்றொரு குழு இருந்ததை, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆண்டு 919, 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், இந்திய ஜனநாயகத்தின் பழமைக்குச் சான்றாக எங்கள் ஊரைத்தான் எடுத்துக் காட்டினார்.

அந்தக் கல்வெட்டு முழுவதையும் படித்தவர்களுக்கு வேறு செய்தியும் தெரியும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. குடத்தில் பெயர் விழ, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். தகுதி இழப்போர் பட்டியலில், கீழோரோடு கூடிப் பழகியதால் தீட்டுப்பட்டவர்களும் உண்டு. பிராயச்சித்தம் செய்யும்வரை அவர்கள் பெயர் குடத்தில் விழாது. ஏரியை நிர்வகிக்க வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியை வெட்டியவரோடு பழகினால் நிர்வகிக்கும் தகுதி போய்விடும். இதுதான் நாம் பெருமைப்படச் சொல்லப்படும் ஜனநாயகம்.

வாரியங்கள் போய்விட்டன, வேலைப் பிரிவினை போகவில்லை. மதகைத் திறந்து மூடி, கடைமடைவரை தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலையைச் செங்கல்பட்டு வட்டாரத்தில் பரம்பரையாகச் செய்தவர்கள் பெரும்பாலும் சேரிக்காரர்கள். மழைக்கால இரவில் கரை உடையாமல் காவல் நின்றவர்களும் அவர்களே. அவர்கள் திறந்துவிட்ட தண்ணீர் பாய்ந்த வயல் அவர்களுடையதல்ல. பல ஊர்களில் குளிக்கிற துறைகூட அவர்களுக்குத் தனி.

நம்மூரில் மாலைப் படகுச் சவாரி புதிதா என்றால், இல்லை. தெப்பத் திருவிழா வேறென்ன? குளம் நிறைய விளக்கு, நடுவில் அலங்கரித்த தெப்பம், அதில் சாமி, சாமியோடு அர்ச்சகர்கள். மற்றவர்கள் படியில் நின்று பார்ப்பார்கள். எங்கள் தாத்தா தலைமுறைக்கு அந்தப் படியும் இல்லை. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவைச் சட்டம் முழுமையாக உறுதிசெய்தது 1947இல். அதற்கு முன் தெப்பத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் வெளிச்சமாகத்தான் அவர்கள் அறிந்திருப்பார்கள்.

குளம், கிணறு, பொதுச்சாலை எதையும் எந்தச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர், எங்கள் மண்ணுக்காரர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீரைக் கையில் அள்ளினார். நூறாண்டு ஆகப்போகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். தண்ணீர் இன்னமும் சாதியின் எல்லைக்கோடாகவே இருக்கிறது.

கடலும் இதற்கு விலக்கில்லை. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று போதாயன தர்மசூத்திரம் எழுதி வைத்தது. இழக்கச் சாதிப் பெருமை எதுவும் இல்லாதவர்கள் கப்பலேறினார்கள். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 300க்கும் மேற்பட்டோருடன் நேட்டாலுக்குக் கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பலும், அதற்கு முன்னும் பின்னும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் மொரீஷியஸுக்கும் ஆள் ஏற்றிப்போன கப்பல்களும் நம் மக்களுக்குத் தெரிந்த கடல் பயணங்கள். கரும்புக்கும் தேயிலைக்கும் ரப்பருக்கும் கூலிகளாகப் போனார்கள். கப்பல் தளத்தில் நின்று சூரியன் மறைவதை அழகென்று பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வருவோமா என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்திருக்கும்.

ஆக, தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரில் நமக்குக் கிடைத்தது வேலை. கிடைக்காதது ஓய்வு. ‘காந்தியும் காங்கிரஸும் தீண்டப்படாதோருக்குச் செய்ததென்ன’ என்ற நூலில், 1945இல், அம்பேத்கர் ஓய்வைப் பற்றித் தனியாகவே வாதிடுகிறார். விலங்கு வாழ்க்கையிலிருந்து மனித வாழ்க்கையைப் பிரிப்பது பண்பாடு என்றால், பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும். உழைப்பே அறம் என்று ஏழைகளுக்கு மட்டும் போதிப்பது அவர்களை உழைக்கும் மிருகங்களாகவே வைத்திருக்கும் என்பது அந்த வாதத்தின் சாரம். நூறு நாள் வேலைக் கூலிக்காகப் போராடுவதும், அம்மாவைப் படகில் ஏற்றுவதும் எனக்கு எதிரெதிர் விஷயங்களாகத் தெரியாததற்கு இதுதான் காரணம். கூலி கேட்பதே, கூலி வேலையைத் தாண்டியும் ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே?

இனி தோழரின் கேள்வியில் இருக்கும் நியாயத்துக்கு வருகிறேன். அதையும் அந்தப் படகில்தான் பார்த்தேன்.

படகு கரையை விட்டு விலகியதும் அம்மா கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். படகோட்டி அண்ணன் சிரித்தார். “அந்தப் பக்கம் உதிக்கும்மா. மறையறது ஊர்ப்பக்கம்.” கிழக்குக் கடற்கரையில் அந்திப் பொழுதைப் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு நிலத்தைத்தான் பார்க்க வேண்டும். மாமல்லபுரத்துக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது உத்திரமேரூர். “அப்ப நம்ம ஊருக்குத்தான் போவுது” என்றார் அம்மா.

அந்தத் திசையில் என்னென்ன இருக்கிறது? மாமல்லபுரத்திலிருந்து வெகுதூரம் இல்லாத காரணை இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892இல் வந்த அரசாணையும்தான் நமக்குப் பஞ்சமி நிலம் கிடைக்கக் காரணம். கைவிட்டுப் போன அந்த நிலத்தை மீட்கக் காரணை மக்கள் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். சூரியன் அழகாக இறங்கும் அந்த நிலத்தின் விலை இன்று மனைக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதில் நம் பங்கு எவ்வளவு?

திரும்பும் வழியில், கழிவெளியில் கழுத்தளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி எடுப்பார்கள். பக்கத்துப் படகில் இருந்தவர்கள் அவர்களைப் படம் எடுத்தார்கள். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூச்சத்தில் அல்ல, அந்த வேலை என்னவென்று தெரிந்ததால். எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 2019 ஜூலையில் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட 42 பேரும் இருளர்கள். கடற்கரையிலும் இதே நிலைதான். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணப் பட்டியல்களில் தலித்துகளும் இருளர்களும் விடுபட்டதைக் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

படகோட்டி மீனவர். முன்பு வலை காய வைத்த மணலில் இப்போது ரிசார்ட் சுவர் நிற்கிறது என்றார். 2019 கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழும் கிராமக் கடலோரங்களில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. கரை யாருக்குச் சொந்தமோ, காட்சியும் அவர்களுக்கே சொந்தம் என்று ஆகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே தோழருக்கு என் பதில் இது. அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் வெட்கப்பட மாட்டேன். வெட்கப்பட வேண்டியது, என் அம்மா தண்ணீரைச் சும்மா பார்க்க ஓர் ஆய்வாளரின் மொத்த உதவித்தொகை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததற்கு. பிரச்சினை நாங்கள் படகேறியதல்ல, அது தனிப் படகாக மட்டுமே கிடைப்பது.

நம் கோரிக்கைப் பட்டியலில் இதற்கும் இடம் வேண்டும். அரசு சுற்றுலாப் படகுகளில் தினக்கூலிக் குடும்பம் யோசிக்காமல் ஏறக்கூடிய கட்டணம். எந்த ரிசார்ட் வேலியும் மறிக்காத கடற்கரைப் பாதை. ஏரிகளை அழகுபடுத்துகிறோம் என்று கரையில் நடைபாதையும் படகுத் துறையும் கட்டும்போது, அந்த ஏரியை வெட்டிய, வண்டல் சுமந்த தெருக்களுக்கு அங்கே வேலையிலும் நிர்வாகத்திலும் முதல் உரிமை. ஏரி வாரியத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட இடம் அது. இதைச் சுற்றுலாத் துறையின் சில்லறை விவகாரம் என்று ஒதுக்காமல், கிணற்றுக்கும் குளத்துக்கும் நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பிய மறுநாள், ஏரி வேலைக்குப் போன இடத்தில் அம்மா கதை சொல்லியிருக்கிறார். அன்று மாலையே பக்கத்து வீட்டு அத்தை வந்து, “எங்களயும் ஒருவாட்டி கூட்டிம் போ” என்றார். அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் முப்பத்துச் சொச்சம் பேர். அத்தனை பேரையும் ஏற்ற என் உதவித்தொகை போதாது. அது என் வேலையும் அல்ல. யாருடைய வேலையோ, அவர்களிடம் கேட்போம் தோழர். வாருங்கள், சேர்ந்தே கேட்போம்.