வெள்ளெழுத்தென்று விட்டுவிடலாமா?

கல்வியைக் கண்ணென்று போற்றுவதில் நம்மவர் என்றுமே சலித்ததில்லை. மேடைதோறும் சொல்கிறோம், பள்ளிச் சுவர்களிலும் எழுதி வைக்கிறோம். ஆயின், அக்கல்வி உட்புகும் வாயிலாகிய ஊனக்கண்ணை எத்துணைப் பேணுகிறோம்? கற்றோரும் கற்பிப்போருமே இவ்விடயத்தில் அசட்டையாக இருக்கின்றனர் என்பது என் எண்ணம். அவ்வசட்டைக்கு நானும் விலக்கல்லன்.

எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் பல்லாண்டுகளாகச் சலரோகத்தால் வருந்தியவர். அறுபதைக் கடந்தபின் ஒருநாள், "தம்பி, பார்க்கிற இடத்தில் எழுத்து மங்குகிறது; ஓரத்தில் இருப்பது தெரிகிறது" என்றார். "வெள்ளெழுத்துத்தான் ஐயா, கண்ணாடியை மாற்றினாற் போதும்" என்றேன். அறியாதவன் சொன்ன ஆறுதல் அது. அவரும் இருமுறை கண்ணாடியை மாற்றினார். இறுதியிற் கண்வைத்தியரிடம் சென்றபோது, இழந்த பார்வையை மீட்க இயலாத நிலை வந்துவிட்டது.

வெள்ளெழுத்து வேறு, விழித்திரை நோய் வேறு. முன்னது கண்வில்லை நெகிழ்ச்சி குன்றுவதால் வருவது. கண்ணாடி அதற்குப் போதும். விழித்திரையோ கண்ணின் உட்புறத்தே பின்சுவரில் ஒளியை ஏற்று மூளைக்கு அனுப்பும் மெல்லிய படலம். புகைப்படக் கருவியிற் சுருள் பழுதானால், முகப்பு வில்லையை மாற்றி என்ன பயன்?

சலரோகம் அப்படலத்தின் நுண்ணிய குருதிக் குழாய்களை நலியச் செய்கிறது. அவை கசிகின்றன. நோய் முற்றும்போது புதிய குழாய்கள் முளைத்து, எளிதில் உடைந்து, கண்ணுட் குருதி பெருகச் செய்கின்றன. கொடுமை என்னவெனில், இதில் நோவில்லை. தொடக்கத்தில் மங்கலும் இல்லை. "எனக்கு நன்றாகத் தெரிகிறதே" என்பது நலத்துக்குச் சான்றாகாது.

மூப்பினால் விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்பொட்டுத் தேய்வதும் உண்டு. நேர்கோடு வளைந்து தோன்றும். எதிரில் நிற்பவரின் முகம் மறைய, பக்கத்துச் சுவர் தெரியும். புகைப்போருக்கு இவ்வபாயம் மிகுதி. இன்னொன்று விழித்திரை கழலுதல். கண்ணுள் மின்னல் வெட்டுதல், திடீரெனக் கரும்புள்ளிகள் மிதத்தல், ஒருபுறமிருந்து திரை விழுதல் ஆகியன அதன் அறிகுறிகள். கடுங் கிட்டப்பார்வை உடையோர் சிறப்பாக அஞ்சவேண்டியது இது. இங்கே ஒருநாட் தாமதமும் பெருங்கேடாகலாம்.

"எல்லாம் விதி, மூப்பை யார் தடுப்பார்?" என்பாரும் உளர். அவர்க்கு என் விடை இது. உயிருள்ள கண்ணின் விழித்திரையைக் காணும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1851 இல் ஆக்கித் தந்தார். தீராநோயெனக் கைவிடப்பட்டிருந்த விழித்திரைக் கழல்வை, கிழிசலை அடைப்பதனால் தீர்க்கலாமென்று சுவிற்சலாந்தின் கண்வைத்தியர் ஜூல் கோனான் 1920களில் நிலைநாட்டினார். இன்று லேசர் ஒளியும், கண்ணுக்குள் ஏற்றும் ஊசிமருந்தும் சலரோகத்தால் வரும் பார்வையிழப்பைப் பெரிதும் தடுக்கின்றன. இவை யாவும் இருந்தும் நாம் போகாதிருப்பின், அதனை விதியென்பது நேர்மையாகுமா?

ஆகவே, சலரோகமுள்ளோர் நோய் தெரிந்த நாள் தொட்டு ஆண்டுக்கொரு முறையேனும், கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பித்தல் வேண்டும். மங்கலில் தடுமாறும் மாணவனை ஆசிரியர்கள் சோம்பேறி என்று கடியாது வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். அது உயிர்ச்சத்துக் குறைவாகவோ பரம்பரை விழித்திரை நோயாகவோ இருக்கலாம். நம் இலக்கிய வட்டங்களும் பார்வையிழந்த முதியோருக்கு வாரமொருமுறை நூல் வாசித்துக் காட்டலாமே.

என் ஆசிரியருக்கு அவர் மறையும்வரை நான் வாசித்துக் காட்டினேன். பதம் பிரிப்பதிற் பிழைவிட்டால் உடனே திருத்துவார். முன்னர் நான் விட்ட பெரும்பிழையை மட்டும் அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அப்பிழையை மற்றையோரும் விடலாகாதென்றே இதனை எழுதலானேன்.