முதல் ஊர்தியும் முதிர்ந்த நிதானமும்

கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் இளைஞர் பலரது நெஞ்சில் பாடநூலுக்கு இணையாக இடம்பெற்றிருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றால் வண்டி வாங்கித் தருவதாக வாக்களிக்கும் தந்தையரும் உளர். வண்டி என்ற பேச்சே வேண்டா என மறுக்கும் தந்தையரும் உளர். இவ்விரு சாராரும் கேட்க மறந்த வினா ஒன்றுண்டு. முதன்முதலில் எத்தகைய வண்டி என்பதே அவ்வினா. சிறிய குரூசர் வகை மோட்டார் சைக்கிள் அதற்குத் தக்க விடை என்பது நம் துணிபு.

குரூசர் என்பது யாது? தாழ்ந்த இருக்கை, உயர்ந்த கைப்பிடி, முன்தள்ளி அமைந்த கால்மிதி, நீண்ட உடல் ஆகியவையே அதன் இலக்கணம். அதனை ஓட்டுவோர் முன்னோக்கிக் கவிழ்ந்திராமல், நாற்காலியில் அமர்ந்தாற்போல நிமிர்ந்து அமர்வர். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பெரிய என்ஜின்களோடு வளர்ந்த இவ்வடிவம், நம் நாட்டில் சிறிய என்ஜினோடும் வலம்வரத் தொடங்கியது. 2001 இல் பஜாஜ் நிறுவனம் ஜப்பானியக் கவாசாகியுடன் இணைந்து 'எலிமினேட்டர்' என்னும் 175 சி.சி. வண்டியை வெளியிட்டது. அதன் வழித்தோன்றலாக 2005 இல் 180 சி.சி. 'அவெஞ்சர்' வந்தது. அது 200, 220 என வளர்ந்து, 2015 இல் 150 சி.சி. வடிவமும், 2019 இல் 160 சி.சி. வடிவமும் பெற்றது.

இப்பெயர்களைத் தமிழ்ப்படுத்தினால் நகைப்பே தோன்றும். முன்னது 'ஒழித்துக்கட்டுவோன்', பின்னது 'பழிதீர்ப்போன்'. பெயரில் இத்துணைச் சினம் இருப்பினும், இயல்பில் இது சாதுவான வண்டியே.

அச்சாதுத் தன்மைக்கு முதற்காரணம் இருக்கையின் உயரம். அவெஞ்சரின் இருக்கை தரையிலிருந்து 737 மி.மீ. உயரத்தில் உள்ளது. பிற மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இவ்வுயரம் 800 மி.மீட்டரை ஒட்டியிருக்கும். இந்த இரண்டரை அங்குல வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால், புதிதாகப் பழகுவோர் தடுமாறுவது நேர்ச்சாலையில் அன்று; புறப்படும்போதும், நிற்கும்போதும், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதுமே தடுமாறுகின்றனர். அப்போது இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியுமாயின் அச்சம் நீங்கும். அச்சம் நீங்கிய பின்னரே கிளட்சும் கியரும் கைவரும். 160 சி.சி. வண்டியின் ஆற்றல் சுமார் 15 குதிரைத்திறன். நம் ஊர்ச் சாலைகளுக்கு அது போதும். கை சற்றே தவறி முறுக்கினாலும் ஓட்டுபவரை மீறிப் பாய்ந்துவிடாது.

குறைகளையும் மறைத்தல் கூடாது. இதன் எடை 156 கிலோ. நிறுத்திய வண்டியைத் தள்ளித் திருப்புகையில் அவ்வெடை தெரியும். நீண்ட உடலாதலின் குறுகிய சந்துகளில் வளைவதற்கு இடம் மிகுதியாக வேண்டும். கால்கள் முன்தள்ளி இருப்பதால், குழியில் இறங்கும்போது கால்மிதியில் எழுந்து நிற்பது கடினம். அதிர்ச்சி முழுவதும் முதுகையே சாரும். முன்சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். இதில் உண்டு, பின்சக்கரத்திற்கு அக்காப்பு இல்லை. எனவே இரு பிரேக்குகளையும் அளவறிந்து ஆளப் பழகுதல் இன்றியமையாதது.

உயரம் குறைந்தோர்க்கும், சிறப்பாக நம் மாணவியர்க்கும், இவ்வகை வண்டி ஒரு புதிய வாயிலைத் திறக்கிறது. பெண்பிள்ளைக்கு ஸ்கூட்டரே ஏற்றது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஸ்கூட்டர் இழிவானதன்று. எனினும், கியர் வண்டி கற்க விழையும் பெண்ணைக் கால் எட்டாது என்னும் காரணத்தால் தடுப்பது இனிப் பொருந்தாது.

"சிறிய வண்டி ஆறு திங்களில் சலித்துவிடும், பெரியதையே வாங்கிவிடலாமே" என்பார் உளர். அவர்க்கு நம் விடை இது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தை முன்வைத்தார். பொருளதிகாரத்தை இறுதியில் வைத்தார். எழுத்தறியுமுன் பொருளாராய்ச்சி செய்வாரை நாம் ஏற்போமா? வள்ளுவரும் செயலில் இறங்குமுன் எண்ணவேண்டியவற்றுள் 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். தன் வலிமையை அளந்தறியாத இளைஞன் கையில் மிகுவேக வண்டியைக் கொடுப்பது அன்பாகாது.

இது வெறும் அறிவுரை அன்று என்பதைக் கணக்கே காட்டும். 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றோர். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் மட்டும் 50,029 பேர். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஓர் இல்லம் இருண்டிருக்கிறது.

ஆகவே பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. பதினெட்டு வயது நிரம்புமுன் கியர் வண்டியைத் தராதீர்கள். 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமிழைப்பின் பாதுகாவலர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. வயது நிரம்பியபின் மறுக்கவும் வேண்டா. நீங்கள் மறுத்தால் நண்பனின் வண்டியில், உரிமமும் கவசமும் இன்றி, அவன் பழகவே செய்வான். பழகுநர் உரிமம் ஆறு திங்கள் செல்லும். முப்பது நாளில் தேர்வுக்குச் செல்லலாம் என்றாலும், அவ்வாறு திங்களையும் பயன்படுத்துங்கள். முதலில் வெற்றுத் திடல், பின் ஊர்த்தெரு, அதன்பின் நெடுஞ்சாலை என்பதே முறை. வண்டியின் விலையைப் பேசும்போதே தரமான தலைக்கவசங்கள் இரண்டின் விலையையும் சேர்த்துப் பேசுங்கள்.

மாணவச் செல்வங்களே! விரைவு உங்கள் வயதுக்கு உரிய வேட்கை; அதனை நாம் பழிக்கவில்லை. ஆயின் வண்டியை ஓட்டத் தெரிந்தவர் என்று நாம் மதிப்பது, அதனை வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிந்தவரையே. அந்த வித்தையைத் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, தரையில் கால் ஊன்றிக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் உங்கள் வரவுக்காக விளக்கேற்றிக் காத்திருப்போர் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.