அணிலுக்கு வழி விடுங்கள்!



டி.வி.யில் ஆப்பிரிக்காக் காட்டைக் காட்டினால் நாம் சாப்பாட்டைக்கூட மறந்து பார்க்கிறோம். டான்சானியா நாட்டில் மன்யாரா ஏரி தேசியப் பூங்கா இருக்கிறது. சுவர் மாதிரி மலைச்சரிவு, அதன் அடியில் ஊற்றுநீரில் வளர்ந்த காடு, அதைத் தாண்டி ஏரி. அங்கே சிங்கம் மரத்தில் ஏறிப் படுத்திருக்குமாம்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலை, அடிவாரக் காடு, அதைத் தாண்டிக் கண்மாய். இதே வரிசை நம்ம ஊரிலும் இருக்கே! அங்கே மரம் ஏறும் சிங்கம் என்றால், இங்கே மரத்தை விட்டு இறங்கவே யோசிக்கும் சாம்பல் நிற அணில். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இது உண்டு. இதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆக்கிவிட்டார்கள்.

"அதான் காப்பகம் ஆயிடுச்சே, அப்புறம் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அது தப்பு என்பதுதான் என் கருத்து.

இந்த அணில் கிளைக்குக் கிளை தாவியே போகும். கிளைகள் பின்னிக் கிடக்கும் உச்சியில்தான் கூடு கட்டும். பருந்து வந்தால் பக்கத்து மரத்துக்குத் தாவித் தப்பிக்கும். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் பாதையே அறுந்துபோகும். தரையில் இறங்கினால் நாய் காத்திருக்கும். காப்பகத்தின் எல்லை எது என்று அணிலுக்குத் தெரியுமா? அடிவாரத்து மாமரமும் புளியமரமும் அதற்கு வீடுதான்.

"மாங்காயைக் கடிச்சுப் போடுதே" என்று தோப்புக்காரர்கள் வருத்தப்படுவதும் நியாயம்தான். பாடுபட்டவருக்கு நஷ்டம் நஷ்டம்தானே! அதை அவர்கள் தலையில் மட்டும் கட்டக் கூடாது. அரசாங்கம் ஈடு கொடுக்கணும். அந்த மரங்கள் நிற்பது நமக்கும் லாபம். ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் 6-வது மைல் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் இந்த மலையில் இருந்துதானே வருகிறது?

டூர் என்றாலே கொடைக்கானல்தானா? இந்தத் தடவை வனத்துறை அனுமதி வாங்கிச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப் போங்கள் சார். பாலித்தீன் பை கொண்டுவர மாட்டோம், சத்தம் போட மாட்டோம். தலையைத் தூக்கி, கிளையும் கிளையும் எங்கே தொடுகிறது, எங்கே விட்டுப் போயிருக்கிறது என்று பார்ப்போம். விட்டுப்போன இடத்தில் ஒரு மரக்கன்று வைப்போம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

- 9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு