ஒரு வண்டி வெளியே போனால், அடுத்த வண்டி எங்கே?

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டக் கூடாது என்பார்கள். நெய்வேலியின் கதையே ஒரு கிணற்றில்தான் தொடங்குகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு பழுப்பு நிறத்தில் ஏதோ வந்தது. அது எரியக்கூடிய பழுப்பு நிலக்கரி என்பது பிறகு தெரிந்தது. அதை நம்பி 1956-ல் நிறுவனம் உருவானது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962-ல் சோவியத் யூனியன் ஒத்துழைப்போடு அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது.

இன்று அங்கே வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய ஒரு டவுன்ஷிப் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள். சுற்றிலும் மந்தாரக்குப்பம், வடலூர், முந்திரிக் காடுகள், கூரைவீடுகள் உள்ள கிராமங்கள். நடுவே எந்நேரமும் லாரியும் பஸ்ஸும் ஓடும் விக்கிரவாண்டி - கும்பகோணம் சாலை. எரிப்பதற்காகவே தோண்டியெடுக்கும் ஒரு பொருளோடு வாழும் இப்படிப்பட்ட பகுதியில், தீயணைப்பையும் அவசர மருத்துவத்தையும் நடத்துவது எவ்வளவு கடினம்? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

2020 சொன்ன பாடம்

2020 மே 7. அன்று அதிகாலை விசாகப்பட்டினத்தில் விஷவாயு கசிந்தது. நாடே அந்தச் செய்தியில் உறைந்திருந்தபோது, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 6-வது அலகில் கொதிகலன் விபத்து நடந்தது. 8 பேர் காயமடைந்தார்கள். அவர்களில் சிலரைக் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 காலை, அதே நிலையத்தின் 5-வது அலகில் மீண்டும் வெடிப்பு. 6 பேர் சம்பவ இடத்திலேயே இறந்தார்கள். பதினைந்துக்கும் மேற்பட்டோர் தீக்காயமடைந்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் அவர்களில் பலரும் இறக்க, பலி எண்ணிக்கை இரட்டை இலக்கத்தைத் தொட்டது. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர்.

நெய்வேலி வசதியில்லாத ஊர் அல்ல. நிறுவனத்துக்கென்று சொந்தத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. சொந்தப் பொது மருத்துவமனையும் இருக்கிறது. காயமடைந்தவர்களை முதலில் அங்கேதான் கொண்டுபோனார்கள். ஆனால், உடலின் பெரும்பகுதி வெந்துபோனவருக்குத் தேவை தனித் தீக்காயப் பிரிவு, தோல் ஒட்டு அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சை. அதற்காக அவர்களைச் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டியிருந்தது.

சிறிய ஊரின் அவசர சேவை சந்திக்கும் உண்மையான சவால் இதுதான். தீயை அணைப்பதோடு வேலை முடிவதில்லை. யாரை இங்கேயே வைத்துப் பார்க்கலாம், யாரை உடனே அனுப்ப வேண்டும், அனுப்பும் வண்டி திரும்பிவரும்வரை ஊரை யார் பார்த்துக்கொள்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் சில நிமிடங்களில் விடை சொல்லியாக வேண்டும்.

ஓர் இருக்கைக்கு நான்கு பேர்

தீயணைப்பு வண்டியில் ஓட்டுநரோடு சேர்த்து 5 பேர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5 பேரை வேலைக்கு எடுத்தால் போதுமா? போதாது.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், ஓர் இருக்கையை எந்நேரமும் நிரப்பிவைக்கவே மூன்றரை பேர் வேண்டும். தீபாவளி விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சிக்குப் போகும் நாள் எல்லாம் சேர்த்தால் நான்கு பேருக்கு மேல் ஆகிவிடும். அப்படியென்றால் ஒரே ஒரு வண்டிக்கு 20 பேர்.

அதில் இரண்டு மூன்று இடங்கள் காலியாக இருந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. வண்டி பளபளவென்று நிலையத்தில் நிற்கும். வேலைநேரம் நீளும், அல்லது 5 பேர் போக வேண்டிய இடத்துக்கு 3 பேர் போவார்கள். அந்த 3 பேரில் ஒருவர் பம்ப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மீதி இரண்டு பேர்தான் ஹோஸைப் பிடிப்பதும் உள்ளே சிக்கியவரைத் தூக்குவதும்.

கூடவே, இந்தத் துறையின் பெயர் இப்போது 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை'. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, விபத்தில் நசுங்கிய கார் என்று எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அதுபோன்ற நாளில் ஹோஸைவிட மரம் அறுக்கும் ரம்பம்தான் முதல் தேவை. சாலையைத் திறந்தால்தான் ஆம்புலன்ஸே நகர முடியும்.

தண்ணீர் எத்தனை நிமிடம் வரும்?

தீயணைப்பு வண்டி என்றால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் என்று நினைக்கிறோம். ஒரு வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சினால் பத்தே நிமிடத்தில் தொட்டி காலி. இரண்டு ஹோஸ் போட்டால் ஐந்து நிமிடம்.

பெருநகரத்தில் அடுத்த வண்டி வந்துவிடும். கிராமத்தில் ஏரி, குளம், விவசாயக் கிணறு, போர்வெல் தொட்டிதான் துணை. எந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்கும், எந்தத் தெருவில் வண்டி திரும்பும், எந்தப் பாலம் பாரம் தாங்கும் என்பதெல்லாம் தீப்பிடித்த பிறகு தேடக் கூடியவை அல்ல. அதனால்தான் நல்ல நிலைய அலுவலர், ஒன்றும் நடக்காத நாள்களில் ஊரைச் சுற்றிவருகிறார்.

நிலையத்துக்குள்ளும் அப்படித்தான். தினமும் பேட்டரி, டீசல், பிரேக் காற்று, பம்ப் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஹோஸைக் காயவைத்துச் சுருட்ட வேண்டும். புகைக்குள் நுழைய உதவும் சுவாசக் கருவியின் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் காற்று அரை மணி நேரம் வரும் என்றால், ஓடியாடி உழைக்கும்போது அதைவிடச் சீக்கிரம் தீரும். 'சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று வழியில் போகிறவருக்குத் தோன்றும் நேரத்தில்தான் இந்த வேலைகள் எல்லாம் நடக்கின்றன.

பழுப்பு நிலக்கரியின் குணம்

நெய்வேலிக்கு இன்னொரு கவலையும் உண்டு. பழுப்பு நிலக்கரி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. வெட்டியெடுத்துக் குவித்து வைத்தால், அது காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு மெதுவாக வினைபுரிந்து சூடாகும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் குவியலுக்குள்ளேயே புகையத் தொடங்கும். அதனால் குவியலை இறுக்கமாக அழுத்திவைப்பார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், பழைய சரக்கை முதலில் எடுப்பார்கள்.

சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டும் அப்படித்தான். ஏதாவது ஓர் உருளை சுழலாமல் சிக்கிக்கொண்டால், உரசலில் சூடு ஏறும். அங்கே நிலக்கரித் தூள் படிந்திருந்தால், ரப்பர் பெல்ட்டே தீயைச் சுமந்துகொண்டு ஓடும். இதைத் தடுக்கும் முதல் ஆள் தீயணைப்பு வீரர் அல்ல. தூளைக் கூட்டிச் சுத்தம் செய்பவரும், உருளையின் சத்தம் மாறுவதைக் கவனித்துச் சொல்பவரும்தான். அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தாலும், அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் மேலதிகாரி இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் திரும்பும்வரை

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் அவசர மருத்துவ உதவியாளர், இன்னொருவர் 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநர்.

நெய்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவரைப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்த்து, வண்டியைச் சுத்தம் செய்து, ஆக்ஸிஜனைச் சரிபார்த்துத் திரும்பிவரச் சில மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரத்தில் இன்னொருவருக்கு மாரடைப்பு வந்தால், பக்கத்து ஊர் வண்டிதான் வர வேண்டும். நகரத்தில் பத்து வண்டியில் ஒன்று போனால் ஒன்பது மீதி இருக்கும். சிறிய ஊரில் ஒன்று போனால் பூஜ்யம்.

எனவே, சிறிய நிலையம் தனியாக இயங்க முடியாது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் போன்ற அக்கம்பக்கத்து ஊர்களின் நிலையங்களும், நிறுவனத்தின் தீயணைப்புப் பிரிவும், 108-ம் ஒருவருக்கொருவர் கைகொடுத்தாக வேண்டும். யார் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும், ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் இதற்கு இன்னொரு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தன்னார்வலர்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா கிராமங்களிலும் அப்படித்தான். அமெரிக்காவின் பல சிற்றூர்களில் தீயணைக்கும் ஆளே முதலுதவியும் செய்வார். நம் நாட்டிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 'ஆப்த மித்ரா' என்ற பெயரில் ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிறது. அவர்கள் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு மாற்று அல்ல. வண்டி வரும்வரை நிலைமை கைமீறாமல் பார்த்துக்கொள்பவர்கள்.

முதல் பத்து நிமிடம் உங்களுடையது

கிராமப்புறத்தில் தீயணைப்பு வண்டி 20 நிமிடத்துக்குள் வந்தால் போதும் என்பதுதான் நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவுகோல். ஆனால், இதயம் நின்றால் 4 முதல் 6 நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். 2004-ல் கும்பகோணம் பள்ளியில் சமையலறைத் தீ கூரைக்குத் தாவியபோது 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். கீற்றுக் கூரை 20 நிமிடம் காத்திருக்காது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது பக்கத்தில் இருப்பவர்கள்தான்.

* தீ என்றால் 101 அல்லது 112, ஆம்புலன்ஸுக்கு 108, கேஸ் கசிந்தால் 1906. 108-க்கு வரும் அழைப்பை எடுப்பவர் சென்னையில் இருப்பார். மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் தெரியும் கோயில் அல்லது பள்ளி என்று வரிசையாகச் சொல்லுங்கள். நெய்வேலி என்றால் வட்டம் எண்ணையும் சொல்லுங்கள். ஒருவரை மெயின் ரோட்டில் நிறுத்திவையுங்கள்.

* தீக்காயத்தில் பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவாதீர்கள். ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள்.

* உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூடலாம்.

* மயங்கியவர் மூச்சு விடவில்லை என்றால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

* முந்திரித் தோப்பில் பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

* சாலை விபத்தில் உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம், உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதில் செலவு வரம்பு உண்டு.

கேட்க வேண்டிய இடம்

இவையெல்லாம் வண்டி வரும்வரைதான். வண்டியே வராவிட்டால், எந்த முதலுதவியும் அதிக நேரம் தாங்காது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலை, குடிநீர், தெருவிளக்கு பற்றி அங்கே பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். நம் ஊருக்கு வரும் தீயணைப்பு நிலையம் எது? அங்கே எத்தனை பணியிடம் காலி? நம் ஊரில் வண்டிக்குத் தண்ணீர் எடுக்க எந்த இடம்? 108 வெளியே போயிருந்தால் அடுத்த வண்டி எந்த ஊரிலிருந்து வரும்?

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அதைத் தீர்மானமாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தீப்பிடிக்காத நாளில் கேட்டால்தான் அதற்குப் பலன் இருக்கும்.