சிறியது என்றால் சிதைத்திடலாமா?

தோழனே!

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, மேய்ச்சல் வெளிகளும் கழனிகளும் சூழ்ந்திட, ரட்லண்ட் எனும் சின்னஞ்சிறு கவுண்டி ஒன்று உண்டு. பரப்போ ஏறத்தாழ 150 சதுர மைல்! ஓக்கம், அப்பிங்காம் என நகரங்கள் இரண்டு, எஞ்சியவை சிற்றூர்களே. இந்தக் கையகல மண்ணுக்கும் வரலாறு உண்டா என்று கேட்கிறாயா? கேள்!

நார்மன் படையெடுப்புக்கு முன்னரே அது அரசியரின் வாழ்க்கைச் செலவுக்கென ஒதுக்கப்பட்ட நிலம். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டில், நாட்டிங்காம்ஷயரோடு ஒட்டப்பட்ட பகுதியாகக் குறிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் தனிக் கவுண்டியாகத் தலைநிமிர்ந்தது.

ஆனால் ஆண்டவர் யார்? ஊரார் அல்லர்! மன்னரால் அமர்த்தப்பட்ட அமைதி நீதிபதிகள், பெரும்பாலும் நிலக்கிழார்கள். பாலமும் பாதையும் அவர்கள் பார்வையிலே. வரியும் தண்டனையும் அவர்கள் வார்த்தையிலே! வரி கொடுத்தோர் பலர். வழி வகுத்தோர் சிலர்! 1888ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. 1889இல் வாக்குச்சீட்டால் அமைந்தது கவுண்டி மன்றம். அரசிக்கு உரிய மண், ஊராருக்கு உரிய மன்றம் பெற்றது!

பின்னர் வந்தனர், அளவுகோல் ஏந்திய ஆணையத்தார். "சிறியது, பக்கத்திலே சேர்த்திடுக!" என்றனர். மக்கள் எதிர்த்தனர், 1963இல் ரட்லண்ட் தப்பிற்று. தப்பியது சில காலமே! 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1974 ஏப்ரல் 1 அன்று லெஸ்டர்ஷயருக்குள் ஒரு மாவட்டமாக அது அடங்கிற்று. மாவட்ட மன்றம் எஞ்சியது, உண்மை. பள்ளியும் நெடுஞ்சாலையுமோ லெஸ்டர்ஷயர் கவுண்டி மன்றத்தின் கைக்குப் போயின. மக்கள் பெயரை மறந்தனரா? இல்லை! 23 ஆண்டுகள் கழித்து, 1997 ஏப்ரல் 1 அன்று, அனைத்துப் பணிகளையும் தானே ஆற்றும் தனி மன்றத்தை மீட்டனர்.

சிறு மன்றத்துக்குச் செலவு மிகுதி என்பர் சிக்கனவாதிகள். அதிலே உண்மை அறவே இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால், தோழனே, உடைந்த பாலத்தைக் காட்டிட ஊரான் எத்தனை கல் நடக்க வேண்டும்? அந்தச் செலவை எந்தக் கணக்கேட்டிலே எழுதுவர்?

ஆட்சியை அளந்திட வேண்டிய கோல், நிலத்தின் பரப்பு மட்டுமன்று. ஆள்வோனுக்கும் ஆளப்படுவோனுக்கும் உள்ள தொலைவும்தான்! எண்ணிப் பார்!