சேற்றில் தொடங்கும் பயணம்

புலம்பெயர் பறவைகளைப் பற்றி எழுதச் சொன்னால் எங்களில் பலர் பூநாரையைத்தான் எழுதுவோம். அழகான பறவை, சுவரொட்டிக்கும் பொருத்தம். நான் எழுத விரும்புவது புத்தளம் களப்போரச் சேற்றில் ஓடித்திரியும் ஒரு சிறு பறவையைப் பற்றி. கீழ்நோக்கி வளைந்த சொண்டு, ஏறத்தாழ 60 கிராம் நிறை. ஆங்கிலப் பெயர் கேர்லிவ் சாண்ட்பைப்பர். ஊரில் கேட்டால் எல்லாமே உள்ளான்தான்.

மாரி காலம் முழுவதும் சாம்பல் நிறமாக இருக்கும் இதன் மார்பு, ஏப்ரலில் செங்கல் நிறமாகச் சிவக்கும். புறப்படும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். போகுமிடம் சைபீரியாவின் வடகோடி. பனி உருகிய தரையில் நான்கு முட்டையிட்டுப் பெண் பறவை தனியாகவே அடைகாக்கும். குஞ்சுகளுக்குத் தாய் இரை ஊட்டுவதில்லை. பொரித்தவுடனேயே அவை தாமாகப் பூச்சி பிடித்துத் தின்ன வேண்டும். ஆகவே குஞ்சு பொரிக்கும் நாட்களும் பூச்சி பெருகும் நாட்களும் பொருந்தி வரவேண்டும்.

பூச்சிகள் பனி உருகியதும் வெளிவந்துவிடும். பறவையோ ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து, பகற்பொழுதின் நீளத்தைக் கொண்டு நாள் பார்க்கிறது. வடக்கில் இம்முறை பனி முந்திவிட்டது என்று புத்தளத்தில் நிற்கும் பறவைக்கு யார் சொல்வது?

இது வெறும் ஊகமல்ல. சைபீரியாவின் தைமிர் குடாநாட்டில் குஞ்சு பொரித்து, மேற்கு ஆபிரிக்காவின் மௌரித்தானியாவுக்குப் போகும் ரெட் நொட் என்ற உள்ளானைப் பற்றிய ஆய்வொன்று 2016இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. 33 ஆண்டுகளில் அங்கே பனி உருகுவது ஆண்டுக்கு ஏறத்தாழ அரை நாள் வீதம் முந்தியிருந்தது. அப்படி முந்திய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் சிறுத்த உடலும் குட்டைச் சொண்டுமாக வளர்ந்தன. மௌரித்தானியாவில் ஆழப் புதைந்திருக்கும் சிப்பிகள் அந்தச் சொண்டுக்கு எட்டவில்லை. வடக்கில் பட்ட பசி, இன்னொரு கண்டத்துக் கரையில் வந்து உயிரைப் பறித்தது.

எங்கள் வளைசொண்டு உள்ளானும் 2024இல் உலகச் சிவப்புப் பட்டியலில் ஆபத்து கூடிய நிலைக்கு மாற்றப்பட்டது. அதற்குக் காலநிலை மட்டும் காரணமல்ல. போகும் வழியிலுள்ள சேற்றுநிலங்களும் அழிந்துவருகின்றன.

"வடதுருவத்துப் பனிக்கு நாம் என்ன மகள் செய்யலாம்?" என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். பனி எங்கள் கையில் இல்லை. ஆனால் பறவை எந்த நிறையோடு புறப்படுகிறது என்பதில் எங்களுக்குப் பங்குண்டு. பயணத்துக்கான கொழுப்பை அது எங்கள் சேற்றுப் புழுக்களைத் தின்றுதான் சேர்க்கிறது. இறால் பண்ணைக்கு வெட்டிய கரையிலும் குப்பை கொட்டி நிரப்பிய கரையிலும் அதற்கு இரை இல்லை. ஏற்கெனவே பிந்திப் போகும் பறவையை நாமும் பிந்த வைக்கிறோம். "வெறும் சேறுதானே" என்று களப்போரத்தை நிரப்புவதை அதனால்தான் எதிர்க்கிறேன். இதை வாசிக்கும் பெற்றோரில் சிலருக்குக் கோபம் வரலாம். அந்தக் காணிகளில் சில எங்கள் சொந்தக்காரர்களுடையவை என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. அவ்வாண்டு பிறந்த பறவையின் முதுகு இறகுகள் ஓரம் வெளிறி, மீன் செதில் போலத் தெரியும். கூட்டத்தில் அவை எத்தனை என்று ஆண்டுதோறும் எண்ணிவந்தால், வடக்கில் குஞ்சுகள் பிழைத்தனவா என்பதை இங்கிருந்தே ஓரளவு அறியலாம். சென்ற ஒக்டோபரில் நானும் தோழி ஒருத்தியும் எண்ணப் போனோம். நாற்பது வரை எண்ணியபோது எங்கிருந்தோ ஒரு நாய் பாய்ந்து வர, கூட்டமே எழும்பிப் போய்விட்டது. விஞ்ஞான மன்றம் ஒரு தொலைநோக்கி தந்தால் வரும் ஒக்டோபரில் மறுபடியும் போவோம்.